ஒரே ஒரு மேடு

தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும்
தண்ணீருக்கே இறக்கம் தெரியாது.
ஒவ்வொரு மதகிலும் நின்று யோசித்துத்தான் போகும்.
இந்தத் தரையில் உனக்கெதற்கு
இன்னும் ஐம்பது குதிரை என்றேன்.

இருதயராஜ் டீயைக் கீழே வைத்தான்.
ஈர விரலால் பெஞ்சில் ஒரு கோடு இழுத்தான்,
நடுவில் மட்டும் கொஞ்சம் தூக்கி.
ரயில்வே மேம்பாலம்.
"நாப்பது கிலோ மூட்டை இருநூத்தம்பது.
கொள்முதல் வாசல்லயே ராத்திரி முழுக்க
மழையைக் குடிச்ச நெல்லு.
பாதிப் பாலத்துல ரெண்டாவது கியரும் செத்துருது.
பின்னாடி மன்னார்குடி பஸ்ஸு
ஆரன்லயே எங்க ஆத்தாளை விசாரிக்கிறான்."

அந்த ஒரு மேட்டுக்காக
வலங்கைமான் ரோட்டுக் கொட்டகையில்,
வாகைக் கிளையில் செயின் பிளாக் மாட்டி,
எண்பத்தொன்பது மாடல் எஞ்சினை இறக்கினோம்.
ஆறு சிலிண்டர்.
மூன்றாவது லைனரில் நகம் மாட்டும் ஒரு கீறல்.
ஏர் ஃபில்டரில் ஒரு கைப்பிடித் தூசி,
அதற்குள்
வெள்ளையாய் முளைவிட்டிருந்த ஒற்றை நெல்.
அதை யாரும் கீழே போடவில்லை.
ஜன்னல் விளிம்பில் வைத்தேன். காய்ந்துபோனது.

கிராங்கு கரந்தைக்குப் போனது.
ஹக்கீம் லேத்தில் பத்து தவ் எடுத்தார்கள்.
பிஸ்டன் புதுசு, தலை கொஞ்சம் குழிந்தது.
அடியிலிருந்து அதைக் குளிப்பாட்ட
ஆறு எண்ணெய் ஜெட்.
டர்போ மட்டும் பழைய இரும்பு,
திருச்சியில் பேரம் பேசி வாங்கியது.
விரலால் சுண்டினால்
ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் சுற்றுகிறது.

இருதயராஜுக்கு அதில் நம்பிக்கையில்லை.
"போற புகை வர்ற காத்தைத் தள்ளுமா?"
மேல்வயல் வடிகால்தானே
உன் கீழ்வயலுக்குப் பாசனம் என்றேன்.
அதற்குப் பிறகு
ரசீதைக் கூட அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

பம்ப் ரூம் பட்டாபிராமனுக்கு வலது காது கேட்காது.
இடதையும் அவர் நம்புவதில்லை.
ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லில் கடித்து
முனையைப் பம்பில் ஊன்றி
எலும்பால் கேட்பார்.
அரைத் திருகு கூட்டினார். கால் திருகு குறைத்தார்.
"இதுக்கு மேல டீசலைத் திறந்தா
பிஸ்டன் நெய்யா உருகும்.
அப்புறம் என்கிட்ட வராதீங்க."

வெள்ளிக்கிழமை மதியம் சாவியைத் திருப்பினோம்.
இரண்டு முறை இருமல்.
மூன்றாவதில் வாகை மரத்துக் காக்கைகள்
ஒட்டுமொத்தமாக இடம் மாறின.
கரும்புகை வெளுத்து, வெள்ளையும் கலைந்து,
கடைசியில் அந்த மெல்லிய விசில்,
கொதிக்கத் தொடங்கும் பாலுக்கு முந்தைய சத்தம்.
நான் கை கழுவப் போனேன்.
சோப்பு போட்டும் போகாத கறுப்பை
வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மூன்றாவது கியரில் ஏறினான்.
இரண்டாம் நாள் இறங்கிவந்து
எனக்கொரு பரோட்டா பார்சல் கொடுத்துவிட்டுப் போனான்.
நான்காம் நாள் கிளட்ச் பிளேட் கருகியது.
கனமான பிளேட் போட்டோம்.

பட்டாபிராமன் எச்சரித்தது பிஸ்டனைப் பற்றி.
பிஸ்டன் அப்படியே இருக்கிறது.
பலம் ஏற்றிய இடத்தில் தங்குவதில்லை;
ஐப்பசிக் கொள்ளிடம் மாதிரி
கரை நெடுகத் தடவிப் பார்த்து
நண்டு வளை எங்கே என்று கேட்கும்.

பதினோராம் நாள், விடியக் காலை, போன்.
"அண்ணே, பாலத்து மேல நிக்கிறேன்."
ஏறலையா?
"ஏறிட்டேன். உச்சிக்கு வந்தப்புறம்தான்
பின்னாடி படார்னுச்சு. ஆக்சில்."
குரலில் அழுகை இல்லை.
காற்றுச் சத்தம். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி.
சக்கரத்துக்குக் கல் வச்சியா என்றேன்.

"பஸ்காரன்தான் இறங்கி வந்து வச்சான்.
எந்த ஊரு மெக்கானிக்குன்னு கேக்குறான்."
கொஞ்சம் நிறுத்தினான்.
"மூணாவது கியர்ணே.
பத்து டன்னு."

பெரிய ஸ்பேனரைத் தேடினேன்.
ஜன்னல் விளிம்பில்
நெல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.